தொய்வாக இருக்கட்டும் தண்ணீர் மெத்தை

வாட்டர் பெட் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டுல என்ன கட்டில் கிடக்கு?" என்றுதான். நாடாக் கட்டில் என்றால் கொடுக்கமாட்டேன். பிளைவுட் போட்ட கட்டில் என்றால், பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டம் எத்தனை என்று கேட்பேன். ஆறடிக்கு மூன்றடி ரப்பர் பை. சுருட்டிக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். வீட்டில் கொண்டுபோய்த் தண்ணீர் விட்டு நாலு அங்குலம் எழும்பினால் 150 லிட்டருக்கு மேல் பிடித்திருக்கும். இருபது லிட்டர் கேன்கள் ஏழெட்டைக் கட்டிலில் ஏற்றி, அதற்கு மேல் அப்பாவைப் படுக்க வைக்கிற கணக்கு அது.

திருச்சி புத்தூரில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சர்ஜிக்கல் கடை வைத்திருக்கிறேன். வாக்கர், கமோடு சேர், யூரின் பேக், டயாப்பர் என்று கடை முழுக்க யாரும் ஆசைப்பட்டு வாங்காத சாமான்கள். வாட்டர் பெட்டும் அந்த ரகம்தான். பக்கவாதம் வந்தவர், தண்டுவடத்தில் அடிபட்டவர், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி ஆகியோரை டிஸ்சார்ஜ் செய்யும்போது நர்ஸ் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் அது இருக்கும். விலைக்கு வாங்குகிறவர்களைவிட வாடகைக்கு எடுப்பவர்கள்தான் அதிகம்.

இதே சாமான் அமெரிக்காவில் ஒரு காலத்தில் புதுமணத் தம்பதிகள் ஆசை ஆசையாக வாங்கிய ஆடம்பரப் பொருள் என்று சொன்னால், நம்மூரில் சிரிப்பார்கள். கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஒரு பையன் தாத்தாவுக்காகக் கடைக்கு வந்தவன், சுருட்டி வைத்திருந்த ரப்பர் பையைப் பார்த்து, "அங்கிள், எங்க அம்மாவோட ஃப்ரெண்ட் வீட்டுல இது பெட்ரூம்ல இருந்துச்சு" என்றான். அவன் சொன்னதும் சரி, நான் விற்பதும் சரி. இரண்டும் ஒரே குடும்பம்தான். மூத்தது நம்முடையது.

முதலில் படுக்கைப் புண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் மயிரிழைக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் கொஞ்சம்தான். 1930-ல் யூஜின் லேண்டிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் விரல் நகத்தடியில் நுண்ணிய ஊசி செலுத்தி அதை அளந்தார். ரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அளவு. வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் குழாய் நசுங்கி, அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. நமக்கு அப்படி ஆனால் உறுத்தும், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். உணர்ச்சி இல்லாதவர், புரள முடியாதவர் என்றால் அந்த அழுத்தம் அப்படியே நிற்கும். புட்டத்துக்கு மேலே இருக்கும் எலும்பு, இடுப்பு எலும்பின் பக்கவாட்டு முனை, குதிகால், மண்டையின் பின்பக்கம், இந்த இடங்களில்தான் தோல் முதலில் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லையென்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோல்காரர்களுக்குச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

இந்தப் புண்ணைப் பார்த்துத்தான் தண்ணீர் மெத்தையே பிறந்தது. ஆட்டுத்தோலில் தண்ணீர் நிரப்பிப் பாரசீகர்கள் படுத்தார்கள் என்று மெத்தை விளம்பரங்களில் ஒரு கதை ஓடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெயரும் செய்முறையும் எழுத்தில் இருக்கிற ஆள் நீல் ஆர்னாட். ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் என்ற ஊரில் 1788-ல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் டாக்டராகச் சீனா வரை போய்வந்து, பிறகு லண்டனில் தொழில் நடத்தினார். இயற்பியலைப் பாமரருக்குச் சொல்லும் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். புகை குறைந்த அடுப்பு, காற்றோட்டக் கருவி என்று எதையாவது செய்துகொண்டே இருந்தவர்.

1832 வாக்கில் அவரிடம் ஒரு பெண் நோயாளி. குறைப்பிரசவம். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. அதன் பிறகு காய்ச்சல், மஞ்சள் காமாலை, கால் வீக்கம். அசைய முடியாமல் கிடந்ததில் உடம்பெல்லாம் புண். எந்த மெத்தையில் போட்டாலும் தாங்கவில்லை. மிதக்கிற உடம்பைத் தண்ணீர் எல்லா இடத்திலும் சீராகத் தாங்குகிறதே, அந்தத் தாங்கலை உடம்பு நனையாமல் கொடுக்க முடியாதா என்று ஆர்னாட் யோசித்தார். ஒரு அடி ஆழத் தொட்டி, உள்ளே தகடு அடித்தது. அதில் பாதி அளவுக்குத் தண்ணீர். அதற்கு மேல் ரப்பர் பூசிய துணி. ஓரங்களைத் தொட்டியின் விளிம்போடு நீர் கசியாமல் இறுக்கிவிட்டு, துணிக்கு மேல் மெல்லிய மெத்தை ஒன்றைப் போட்டார். அந்தப் பெண்ணுக்குப் படுத்த உடனே வலி தணிந்தது, தூக்கம் வந்தது, புண் ஆறியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதில் நான் ரசிப்பது ஒரு சின்ன விஷயத்தை. தொட்டியின் வாயை மூடுகிற அளவுக்குத் துணி போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆர்னாட் அப்படி வெட்டவில்லை. காலித் தொட்டியின் அடியையும் நான்கு பக்கச் சுவரையும் முழுக்கப் போர்த்துகிற அளவு பெரிய துணியாக எடுத்தார். அதனால் துணி தொளதொளவென்று தண்ணீர்மேல் கிடந்தது. அதில் உடம்பு இறங்கினால் துணி இழுபடாது, கூடவே இறங்கும். சுமப்பது முழுக்கத் தண்ணீரின் வேலை. உடம்பு 15 சென்டிமீட்டர் ஆழம் இறங்கினாலும் அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் 11 மில்லிமீட்டர் பாதரசம்தான். லேண்டிஸ் அளந்த 32-க்குப் பாதிகூட இல்லை. லேண்டிஸ் அளந்ததோ ஆர்னாட் செய்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. துணியை இறுக்கிக் கட்டியிருந்தால் அது தூளி மாதிரி உடம்பைத் தாங்கியிருக்கும், எலும்பு முனையில் அழுத்தம் அப்படியே இருந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களில் பெரும்பாலோர் கெடுப்பது இந்த இடத்தில்தான். வாடகை கொடுக்கிறோமே, நிறையத் தண்ணீர் பிடித்தால் நல்லது என்று பை புடைக்கிற வரை ரொப்பிவிடுவார்கள். அது பிறகு மரப்பலகைதான். தட்டினால் டம் டம் என்று சத்தம் வரும். அதன்மேல் போர்வையை நாலு பக்கமும் இழுத்துச் செருகி, அதற்கு மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போட்டுவிட்டு, "அண்ணே, உங்க பெட்டுல படுத்தும் புண் வந்துருச்சு" என்பார்கள்.

அதனால் கூடுமானவரை நானே வீட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். பையை முதலில் கட்டிலில் விரிக்க வேண்டும். நிரப்பிவிட்டுத் தூக்க பீமன்தான் வரவேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸை வாயில் செருகி மெதுவாகத் திறப்பேன். சித்திரை மதியத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கை பொறுக்காது, அதைப் பிடிக்கவிட மாட்டேன். உணர்ச்சி இல்லாத முதுகுக்குச் சூடு தெரியாது. மார்கழியில் நேர் எதிர். பச்சைத் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிழவர் ராத்திரி முழுக்க நடுங்குவார். இரண்டு மூன்று குடம் வெந்நீர் கலந்து, முழங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் விடுவது. முக்கால் பங்கு ஆனதும் ஹோஸை எடுத்துவிட்டு, பையின் கடைக்கோடியிலிருந்து உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே வந்து, உள்ளே நிற்கும் காற்றை வாய் வழியாக வெளியேற்ற வேண்டும். குபுக் குபுக்கென்று வரும். காற்று இருந்தால் பை வழுக்கும், சத்தம் போடும். மூடியைத் திருகி, நோயாளியைப் படுக்க வைத்த பிறகு, அவருடைய புட்டத்துக்கு நேர் அடியில், பைக்கும் பலகைக்கும் நடுவே கையை மல்லாத்தி நுழைத்துப் பார்ப்பேன். எலும்பு என் கையில் இடித்தால் தண்ணீர் போதாது. இடிக்காமல், கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் நின்றால் போதும், அதற்கு மேல் ஒரு சொம்புகூட விடமாட்டேன். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் தொளதொளவென்று. ஊக்கு, சேஃப்டி பின் அந்தக் கட்டில் பக்கமே வரக்கூடாது.

இவ்வளவும் முடிந்து கிளம்பும்போது பெரும்பாலும் மருமகள் கேட்பார்: "அண்ணே, இதுல படுக்க வச்சிட்டா இனிமே புரட்டிப் போட வேண்டாம்ல?"

"வேணும்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. ராத்திரியும்."

அந்த முகம் வாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். பொய் சொல்ல முடியாது. மெத்தை அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும், ஈரத்தையும் அழுக்கையும் அது துடைக்காது, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் படுப்பதையும் அது மாற்றாது.

ஆர்னாட் தன் கட்டிலுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று செய்முறையை அச்சிலேயே கொடுத்துவிட்டார். அடுப்புக்காக 1854-ல் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் தந்தது. அந்தக் கட்டில் எவ்வளவு தூரம் புழக்கத்துக்கு வந்தது என்பதற்கு ஒரு நாவலே சாட்சி. எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'நார்த் அண்ட் சவுத்' 1855-ல் புத்தகமாக வந்தது. அதில் நோயாளித் தாய்க்கு வாட்டர் பெட் வைத்தால் நல்லது என்று டாக்டர் சொல்ல, மகள் மார்கரெட் மில் முதலாளி வீட்டுக்கு அதை இரவல் கேட்டுப் போகிறாள். போன நேரத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் வாசலில் திரண்டுவிட, அவள் மேல் கல் படுகிறது. கதையின் பெரிய திருப்பமே அங்கேதான். அந்தக் காலத்திலும் இரவல்தான் பாருங்கள்.

ஆனால் பொருளில் ஒரு குறை இருந்தது. அன்று கிடைத்த ரப்பர் துணி, சார்லஸ் மெக்கின்டோஷ் 1823-ல் காப்புரிமை வாங்கிய மழைக்கோட்டுத் துணிதான்; நாஃப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசியது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் நிற்கும் என்று குட்இயர் என்பவர் 1839-ல் கண்டுபிடித்த பிறகே நல்ல ரப்பர் பை சாத்தியமாயிற்று. அப்போதும் அது நோயாளிகளின் பொருளாகவே இருந்தது. கணகணப்பு தரும் ஹீட்டர் கிடையாது, ரப்பர் நாற்றம் வேறு. திடமாக இருப்பவன் எதற்கு அதில் படுப்பான்?

அதை ஆசைப் பொருளாக முதலில் கற்பனை செய்தவரும் ஒரு நோயாளிதான். ராபர்ட் ஹைன்லைன், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. காசநோயால் 1934-ல் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்தபோது தனக்கு எப்படிப்பட்ட கட்டில் வேண்டும் என்று மனசுக்குள் வடிவமைத்தார். தண்ணீர் மட்டத்தைக் கூட்டிக் குறைக்க பம்ப், சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி, ஷாக் அடிக்காத ஏற்பாடு, எல்லாம் அதில் இருந்தன. செய்து பார்க்கவில்லை. பிறகு விஞ்ஞானக் கதை எழுத்தாளராகி, கதைகளில் அதைப் போட்டார். 1961-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' நாவலில் செவ்வாய் கிரகத்தில் வளர்ந்த இளைஞன் பூமியின் ஈர்ப்பைத் தாங்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பது அப்படிப்பட்ட கட்டிலில்தான்.

செய்தவர் சார்லஸ் ஹால். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் வடிவமைப்பு மாணவர். அவர் முதலில் செய்ய நினைத்தது நாற்காலி. வினைல் பைக்குள் சோள மாவுக் கூழ், சுமார் 136 கிலோ. சரிப்படவில்லை. ஜெல்லியைக் கொட்டிப் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் தண்ணீர், நாற்காலியும் கட்டிலாக மாறிற்று. 1968-ல் கண்காட்சியில் வைத்தார். ஹிப்பிகளின் சான் பிரான்சிஸ்கோ அது, சொல்ல வேண்டுமா? பாட்டுக் குழுக்காரர்கள் வாங்கினார்கள், 'பிளேபாய்' ஹியூ ஹெஃப்னர் வாங்கினார். கீழே ஹீட்டர், சுற்றிலும் மரச்சட்டம், பை ஒழுகினால் தண்ணீரைப் பிடிக்க உள்ளே இன்னொரு உறை, இந்த மூன்றும்தான் ஹால் செய்த உண்மையான முன்னேற்றம். ஹீட்டரால் மட்டுமே திடகாத்திரமானவர்களும் அதில் படுக்க முடிந்தது.

1971-ல் காப்புரிமை வந்தது. ஆனால் அதற்குள் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். வெறும் வினைல் பை, சட்டமில்லை, உறையில்லை, விலை மலிவு. ஒழுகியது. கீழ்வீட்டுக் கூரை நனைந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் குடித்தன ஒப்பந்தத்தில் வாட்டர் பெட் கூடாது என்று எழுத ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது: 1973 முதல் கட்டிய கட்டடமானால், ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத இன்ஷூரன்ஸ் எடுத்த குடித்தனக்காரருக்கு, வாட்டர் பெட்டைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது, தரை தாங்கும் எடைக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம். எடை விஷயம் விளையாட்டில்லை. ஏழடிக்கு ஆறடி, ஒன்பது அங்குல ஆழம் என்றால் கிட்டத்தட்ட 890 லிட்டர். சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 230 கிலோ. நம் நாட்டுக் கட்டட விதிப்படி வீட்டு அறைக்கு எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ.

ஆனாலும் விற்றது. 1980-களின் பின்பாதியில் அமெரிக்காவில் விற்ற மெத்தைகளில் ஐந்தில் ஒன்று தண்ணீர் மெத்தை. ஹிப்பிச் சாயம் போய், புறநகர் வீடுகளின் சாதாரண சாமானாகிவிட்டது. 1990-ல் வந்த 'எட்வர்ட் சிஸர்ஹேண்ட்ஸ்' படத்தில் கத்தரிக்கோல் விரல்காரன் ஒரு வீட்டு வாட்டர் பெட்டில் படுத்து அதைக் குத்திவிடுவான். அந்த நகைச்சுவைக்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மறுவருஷம், தன் உரிமையை மீறியதாக ஒரு கம்பெனி மேல் ஹால் போட்ட வழக்கில் ஜூரி அவருக்கு 48 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. ஆர்னாட் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ. பணம் தீர்ப்பான சமயத்தில் சரக்குக்கு மவுசு இறங்கத் தொடங்கிவிட்டது. வீடு மாறும்போதெல்லாம் தண்ணீரை வடித்து, மறுபடி நிரப்பி, பாசி பிடிக்காமல் மருந்து ஊற்றி, யார் மல்லுக்கட்டுவது? மெமரி ஃபோம் வந்தது, காற்று மெத்தை வந்தது. ஹால் 2018-ல் தன் எழுபதுகளில், ஃப்ளோரிடாவில் பழைய வாட்டர் பெட் வியாபாரி ஒருவரோடு சேர்ந்து புது மாதிரி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

நடுவில் மருத்துவம் சும்மா இருக்கவில்லை. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் அன்னலீஸ் கோர்னர் என்பவர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டருக்குள் மெல்ல அசையும் குட்டி வாட்டர் பெட்டில் வைத்துப் பார்த்தார். மூச்சு நின்று நின்று போவது குறைந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் இப்போது மாடுகளுக்கும் வாட்டர் பெட் போடுகிறார்கள். சிமென்ட் தரையில் படுத்துப் படுத்துப் பின்னங்கால் மூட்டு புண்ணாகாமல் இருக்க. படுக்கைப் புண்ணிலேயே வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

என் கடையில் இன்று அதிகம் போவது ஏர் பெட்தான். சிறுசிறு காற்றறைகள், பத்து நிமிஷத்துக்கொரு முறை ஒன்றுவிட்டு ஒன்று ஊதி இறங்கும். எடை இல்லை, தூக்கிப் போவது சுலபம், அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். டாக்டர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். பம்ப்புக்குக் கரண்ட் வேண்டும், அது ஒன்றுதான். துறையூர், முசிறி பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால் வாட்டர் பெட்டைக் கையில் கொடுத்து, கட்டிலையும் விசாரித்துவிடுவேன். இரண்டு மூன்று வாரத்துக்கொரு தடவை தண்ணீர் மாற்றச் சொல்வேன். திருப்பித் தரும்போது முழுக்க வடித்து, நிழலில் காயவைத்து, பவுடர் தூவி, மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவரச் சொல்வேன். மடித்தால் மடித்த கோட்டில்தான் ரப்பர் வெடிக்கும்.

புண் ஏற்கெனவே வந்து, உள்ளே குழியாகி, நாற்றமும் அடிக்கிறது என்று சொன்னால் எந்த பெட்டையும் கொடுக்கமாட்டேன். எதிர்ப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, முதலில் அங்கே காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.